வலப்பக்கம் திரும்பாத வண்டி

எங்கள் மலையூர் மோந்தேசாசோவில் யாராவது செத்துப்போனால் கறுப்புக் கரை போட்ட சுவரொட்டி அடித்து ரொட்டிக்கடைச் சுவரிலும் மதுக்கடைச் சுவரிலும் ஒட்டுவார்கள். அதில் பெயருக்குக் கீழே பட்டப்பெயரும் இருக்கும். இருந்தே தீரவேண்டும். எங்கள் மலையில் ஒருவனுடைய நிஜப்பெயர் அவனைப் பெற்றவர்களுக்கும் நகராட்சி குமாஸ்தாவுக்கும்தான் தெரியும். பட்டப்பெயரைப் போடாவிட்டால் போனது யார் என்றே தெரியாமல் பாதி ஊர் அடக்கத்துக்கு வராமல் இருந்துவிடும்.

ஒரு ஏப்ரல் காலையில் ரொட்டி வாங்கப் போன அத்தேயோ அந்தச் சுவரில் அர்தேமியோவைப் பார்த்தான். பதினைந்து வயதில் அர்தேமியோ ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். அதுவும் சொந்த அத்தை வீட்டுக் கோழி. அதற்கப்புறம் அந்த மனுஷன் ஆற்றுக்குப் பாலம் கொண்டுவந்தான், துணை மேயராக இருந்தான், மூன்று பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றினான். சுவரில் என்ன போட்டிருந்தது தெரியுமா? 'அர்தேமியோ காசாதெய், கோழித்திருடன் என்று அழைக்கப்பட்டவர்.' அவ்வளவுதான். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அத்தேயோ ரொட்டி வாங்காமலே திரும்பினான். கோழித்திருடனை நினைத்து இல்லை. இதே சுவரில் ஒரு நாள் தன் பெயரை ஒட்டும்போது அதற்குக் கீழே என்ன இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய பட்டப்பெயர் 'நாளைக்கு'.

சும்மா வந்த பெயர் இல்லை, உழைத்துச் சம்பாதித்த பெயர். பத்தொன்பது வயதில் பக்கத்து வீட்டு குவால்தியேரோவின் அப்பாவிடம் ஓர் ஏணியை இரவல் வாங்கினான். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டதற்கு 'நாளைக்கு' என்றான். குவால்தியேரோவின் அப்பா காலமாகிவிட்டார். ஏணி இன்னும் அத்தேயோ வீட்டு முற்றத்தில் திராட்சைக் கொடிக்குப் பந்தலாக நிற்கிறது. குளியலறையில் மூன்று சுவருக்கு ஓடு பதித்தான், நாலாவது சுவர் இருபது வருஷமாக வெறும் சிமெண்ட். பன்றிக்கொட்டிலுக்குக் கூரை போடுவதற்குள் பன்றிகள் வளர்ந்து தொத்திறைச்சியாகி அதையும் தின்று முடித்தாயிற்று. சாலைத் துறையில் பள்ளம் மூடும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்று சொன்னால், எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். கல்யாணமும் அப்படித்தான். ஏழு வருஷம் காத்திருந்த தெர்னா கடைசியில் தானே நகராட்சிக்குப் போய் நாள் குறித்துவிட்டு வந்து, "சனிக்கிழமை பத்து மணிக்கு. சட்டையை நானே தேய்ச்சு வெச்சுட்டேன்," என்றாள். அவன் வாழ்க்கையில் முடிந்த ஒரே காரியம் அதுதான், அதையும் முடித்தது அவள்.

அன்று மதியம் லெயார்கோவின் மதுக்கடைக்குப் போனான். சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது.

"பட்டப்பெயரை மாத்த முடியுமா?" என்று கேட்டான், வேறு யாருக்கோ கேட்பதுபோல.

லெயார்கோ கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடியே, "யாருக்கு?" என்றான்.

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"பொதுவா முடியாது," என்றான் சீட்டிலிருந்து தலையைத் தூக்காத குவால்தியேரோ. "உனக்குச் சுத்தமா முடியாது. எங்கப்பாகிட்ட வாங்கிட்டுப் போன ஏணி எப்ப வரும்?"

கடையே சேர்ந்து பதில் சொன்னது: "நாளைக்கு."

குவால்தியேரோவும் அத்தேயோவும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் பள்ளத்தாக்கிலேயே அதிக டிராக்டர் வைத்திருப்பவன் குவால்தியேரோ. அதனால் பேச்சிலும் கொஞ்சம் குதிரைத்திறன் கூட இருக்கும். "அந்தப் பேரு நீ செஞ்சதால வந்துச்சு," என்றான். "செஞ்சாத்தான் போகும். ஊரே பாக்கற மாதிரி ஒரு காரியத்தை முழுசா முடி. அப்புறம் பேசலாம்."

"எந்தக் காரியத்தை?"

"உங்கிட்ட அதுக்கு என்ன பஞ்சம்? கண்ணை மூடிட்டு வீட்டுல எதையாவது தொடு. அரைகுறையாத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து தெர்னாவிடம் சொன்னான். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "குளியலறைச் சுவரை முடி," என்றாள் யோசிக்காமல்.

"ஊரைக் கூட்டிட்டு வந்து குளியலறையையா காட்ட முடியும்?"

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அத்திமரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது.

அது ஒரு பழைய செயின் டிராக்டர். சக்கரம் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிப் பட்டைகள்தான். எங்கள் சரிவுகளில் சக்கர டிராக்டர் குப்புற விழும். செயின் டிராக்டர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறும். வளைத்து ஓட்ட ஸ்டியரிங்கும் இல்லை, இரண்டு கைப்பிடிகள் மட்டும். இடது கைப்பிடியை இழுத்தால் இடப்பக்கச் சங்கிலி நிற்கும், மற்றது ஓடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வலது கைப்பிடிக்கு வலப்பக்கம். கூட்டுறவுப் பண்ணையைக் கலைத்தபோது அத்தேயோவின் பங்குக்கு வந்த வண்டி அது. வரும்போதே எஞ்சின் இறுகிப்போயிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மரத்தடியில் விட்டான். மரம் அப்போது கன்று. இப்போது அதன் ஒரு கிளை இருக்கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்து பழம் பழுத்தது. சாமான் பெட்டியில் தெர்னாவின் கோழிகள் முட்டையிட்டன. புகைக்குழாயிலிருந்து மரத்துக்குத் துணிக்கொடி.

"நவம்பர்ல டிராக்டர் ஆசீர்வாதம்," என்றான் அத்தேயோ. "ஊர் மட்டும் இல்ல, பள்ளத்தாக்கே வரும்."

அறுவடை முடிந்ததற்கு நன்றி சொல்ல நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டிராக்டர்களும் மலைமேல் தேவாலயத்து முற்றத்தில் வரிசைகட்டி நிற்கும். பங்குச்சாமி எவாரிஸ்தோ வெளியே வந்து தீர்த்தம் தெளிப்பார். ஒரே ஒரு சட்டம்: தன் எஞ்சினில் தானே ஏறி வந்த வண்டிக்குத்தான் தீர்த்தம். கயிறு கட்டி இழுத்து வந்ததற்குக் கிடையாது. அத்தேயோவுக்கு அங்கே போவதில் வேறொரு சங்கடமும் இருந்தது. அவனுடைய அப்பா தேவாலயத்தோடு ஜன்மப் பகை கொண்டவர். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அப்பாக்கள் நிறைய. மகனுக்கு நாத்திகன் என்று பொருள்படுகிற பெயரை வைத்து, சாமியார் காதில் விழும்படி தெருவில் நின்று கூப்பிடுவார். ஆனால் முற்றம் நகராட்சிக்குச் சொந்தம், வாசல்படி ஏறாவிட்டால் அப்பாவுக்குக் குறையில்லை என்று அத்தேயோ கணக்குப் போட்டான்.

"செய்," என்றாள் தெர்னா. "ஆனா ஒண்ணு. அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அது நகரலேன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச்சொல்லிடுவேன். அந்த இடத்துல எனக்குத் தக்காளி போடணும்."

இறுகிப்போன எஞ்சின் என்றால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒவ்வொருவனிடமும் அதற்கு ஒரு மருந்து இருக்கும். சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவைத்தால் துருப்பிடித்த பிஸ்டன் இளகிவிடும் என்பார்கள். என்ன மருந்து என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். அடுத்தவன் மருந்தில் யாருக்கும் நம்பிக்கையும் கிடையாது. அத்தேயோ தன் பங்குக்கு டீசலையும் பிரேக் எண்ணெயையும் கலந்து நாலு சிலிண்டரிலும் ஊற்றி, மூடி, காத்திருந்தான். காத்திருப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் வண்டியைத் தொட்டுவிட்டான் என்ற செய்தி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் லெயார்கோ வந்தான். வண்டியைச் சுற்றிவந்து நாலு தட்டுத் தட்டிவிட்டு, "தொண்டை வறளுது, தண்ணி கொண்டு வாயேன்," என்றான். அத்தேயோ உள்ளே போனதும் கோட்டுக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்தான். பழைய மதுப்பீப்பாயின் அடியில் தங்கிய காடி. நாலு சிலிண்டருக்கும் பாகப்பிரிவினை மாதிரி சரிசமமாக ஊற்றிவிட்டு, தண்ணீரைக் குடிக்காமலே போனான். இரண்டு நாள் கழித்து எவாரிஸ்தோ சாமியார் வந்தார். அத்தேயோவின் ஆத்துமாவைப் பற்றி விசாரித்தார். பேச்சோடு பேச்சாக ஒரு நாற்காலி கேட்டார். அங்கிப் பைக்குள் பீடத்து விளக்கு எண்ணெய் இருந்தது. தெர்னா சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள், யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நகர்ந்தால் நல்லது, நகராவிட்டால் தக்காளி. அவளுக்கு இரண்டும் சம்மதம். ஒரு சாயங்காலம் மட்டும் திராட்சைத் தோட்டத்துப் பின்பக்கமாக யாரோ குனிந்து போவதைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை.

கோடை போயிற்று. அத்தேயோ எஞ்சினைச் சுற்றவைக்கும் கனத்த ஃப்ளைவீல் சக்கரத்தில் ஒரு நீளமான இரும்புக்குழாயைச் செருகி, தினம் காலையில் அதன் நுனியில் தொங்கினான். தொங்கினானே தவிர வேறு ஒன்றும் அசையவில்லை. எல்லோரும் எதிர்பார்த்தபடி செப்டம்பரில் அவனுக்கு அலுத்துவிட்டது. குழாயை அப்படியே விட்டுவிட்டு, "நாளைக்கு..." என்று ஆரம்பித்தவன், தெர்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் சீட்டாடப் போனான்.

அன்று தெர்னா குளிர்காலத்துக் கம்பளிகளைத் துவைத்தாள். கொடி நிறைந்துவிட்டது. பெரிய கம்பளிகள் மூன்று மிச்சம். ஈரத்தோடு ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். கைக்கு எட்டும் உயரத்தில் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அந்த வண்டியில் துணி உலர்த்தியவளுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்றையும் குழாய் நுனியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டுக்கு வந்த அத்தேயோவை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உன் குழாயோட லட்சணத்தைப் பாரு. கம்பளி மூணும் சேத்துல கிடக்கு. காலைலேர்ந்து துவைச்சது."

அத்தேயோ பார்த்தான். காலையில் இடுப்புக்கு மேலே இருந்த குழாய் இப்போது நுனி தரையில் ஊன்றிக் கிடந்தது. ஃப்ளைவீல் அரைக்கால் சுற்றுச் சுற்றியிருந்தது. கம்பளிகள் பொழுதெல்லாம் பொறுமையாக அழுத்தி, இத்தனை காலம் இறுகியிருந்ததை இளக்கிவிட்டன. அத்தேயோ அந்தக் கம்பளிமேலேயே உட்கார்ந்து அழுதான்.

"எந்திரி. அழறதுன்னா தரையில உட்கார்ந்து அழு. மறுபடியும் நான்தான் துவைக்கணும்."

"சுத்திடுச்சு தெர்னா."

"தெரியுது. எந்திரி."

மதுக்கடையில் அன்று சண்டை. காடிதான் இளக்கியது என்றான் லெயார்கோ. எண்ணெயில் ஒரு மகத்துவம் உண்டு என்று பொதுவாகச் சொன்னார் எவாரிஸ்தோ சாமியார், எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. குவால்தியேரோ வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்ததை யாராவது அப்போது கவனித்திருக்க வேண்டும். கடைக்குத் தட்டை ரொட்டி சுட்டுக் கொண்டுவந்த தெர்னா மேசைமேல் கூடையை வைத்துவிட்டு, "கம்பளி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அத்தேயோ நிஜமாகவே வேலை செய்தான். கோழிகளைக் காலிசெய்யச் சொன்னான். எல்லாம் போயின, ஒரு சிவப்புப் பெட்டை மட்டும் சாமான் பெட்டியை விடமாட்டேன் என்றது. அத்திக்கிளையை அறுத்தான். டீசல் தொட்டியிலிருந்து எலிக்கூட்டையும் வடிகட்டியிலிருந்து குளவிக்கூட்டையும் எடுத்தான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கம்பித் தூரிகையால் தேய்த்தான். கையெல்லாம் ரணம். தெர்னா பன்றிக்கொழுப்பைத் தடவிவிட்டாள். இந்த மனுஷன் இந்தத் தடவை முடித்துவிடுவானோ என்று அவளுக்கு முதல்தடவையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் கொஞ்சம் பயமும் இருந்தது, ஏனென்றால் முடிக்காவிட்டால் இந்தத் தடவை உடைந்துபோவான்.

அக்டோபர் கடைசியில் எஞ்சினை எழுப்பினான். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பெரிய எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். கயிறு சுற்றி இழுத்தால் குட்டி கிளம்பும். குட்டி சூடானதும் பெரியதைப் பிடித்து உலுக்கும். குட்டி கத்தியது, பெரியது இருமியது, அப்புறம் முற்றமே அதிர வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சிலிண்டருக்குள் போனதெல்லாம் வாசனையாக வெளியே வந்தது. முதலில் காடி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பீடத்து விளக்கு வாசனை. கடைசியில் பளிச்சென்று சோம்பு. தெர்னா மூக்கை உயர்த்தி இரண்டு தடவை முகர்ந்தாள். எங்கள் ஊரில் சோம்புச் சாராயம் குடிப்பவன் ஒரே ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது இருமல் மருந்து. தெர்னா சிரித்துக்கொண்டாள். அத்தேயோவிடம் சொல்லவில்லை.

எஞ்சின் ஓடியது, வண்டி நகர்ந்தது, இடது கைப்பிடி வேலை செய்தது. வலது கைப்பிடி செய்யவில்லை. வலப்பக்கச் சங்கிலியை நிறுத்தவேண்டிய கிளட்ச் துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத் திறக்க இருக்கையைக் கழற்றி, தொட்டியை இறக்கி, பின்பக்கத்தையே பிரிக்க வேண்டும், ஒரு வார வேலை. அத்தேயோ அதைப் பார்த்தான். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்? இன்றைக்கு வேண்டாம் என்று தார்ப்பாயைப் போட்டு மூடினான். மறுநாளும் மூடினான். ஆசீர்வாதத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம்தான் தெர்னாவிடம் சொன்னான்.

"இடப்பக்கம் வெண்ணெய் மாதிரித் திரும்புது."

"வலப்பக்கம்?"

"அதுக்கு கிளட்சைத் திறக்கணும். நாளைக்கு..."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அத்தேயோ."

வாழ்நாள் முழுக்க அவனுக்கு இடம் கொடுத்த அந்தச் சொல் அன்றுதான் கையை விரித்தது. வெளியே போய், தேவாலயத்துக்கு ஏறும் சரளைக்கல் சாலையை நடந்தே பார்த்துவிட்டு வந்தான். வலப்பக்க வளைவுகள் மூன்று. கல்லறைத் தோட்டத்திடம் ஒன்று, லெயார்கோவின் கடையருகே ஒன்று, குவால்தியேரோவின் டிராக்டர் கொட்டகை வாசலில் ஒன்று. வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"சுவரொட்டியில அதையே போட்டுக்கச் சொல்லு," என்றான். "எனக்கு அதான் சரி."

தெர்னா மண்சட்டிமேல் ரொட்டியைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தட்டை ரொட்டியைக் கரியாமல் சுட, சட்டியிலேயே விரலால் சுற்றிச் சுற்றிவிட வேண்டும். அவள் கை தானாகச் சுற்றியது. சட்டென்று நின்றது. மறுபடி சுற்றியது.

"இங்க பாரு," என்றாள். "ரொட்டியை நான் எப்பவும் இடப்பக்கமாத்தான் சுத்தறேன். ஒரு நாளாவது வலப்பக்கம் சுத்தியிருக்கேனா? எல்லாப் பக்கமும்தான் வேகுது."

அத்தேயோ ரொட்டியைப் பார்த்தான். வலப்பக்கம் கால் சுற்றுப் போகமுடியாதவன் இடப்பக்கமாக முக்கால் சுற்றுச் சுற்றினால் அதே இடத்தில்தான் வந்து நிற்பான். எழுந்துபோய் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான். ரொட்டி ஒரு பக்கம் கரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். தெர்னா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கல்லறை வளைவில் செத்தவர்களைத் தவிர ஒருவரும் இல்லாதது நல்லதாயிற்று. முதல் சுற்றில் தாண்டிப்போய்விட்டான், இன்னொரு முழுச்சுற்றுச் சுற்றித்தான் சாலையைப் பிடித்தான். லெயார்கோவின் கடை முன்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் குவளையும் கையுமாக வெளியே வந்தார்கள். வண்டி அவர்களுக்கு முகத்தைக் காட்டி, முதுகைக் காட்டி, மறுபடி பக்கவாட்டில் திரும்பி மேலே ஏறியது. அப்புறம் எல்லோரும் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தார்கள்.

மூன்றாவது வளைவில் குவால்தியேரோ தன் புத்தம்புது டிராக்டரோடு நின்றான். தோளில் இழுவைக்கயிறு. பாதியில் நின்றுபோகும் வண்டியைக் கட்டி இழுத்து வீட்டில் விடுவதாக வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன். அத்தேயோ வந்தான். இடது கைப்பிடியை இழுத்தான்.

"கோயில் அந்தப் பக்கம்டா," என்றான் குவால்தியேரோ.

"தெரியும்," என்றான் அத்தேயோ, போய்க்கொண்டே.

"இப்ப எங்க, வீட்டுக்குத் திரும்பறியா?"

"இல்ல."

"என் கேட்டை இடிக்கப்போறியா?"

"கொஞ்சம் பொறு."

வண்டி முக்கால் சுற்றை முடித்துத் தேவாலயத்தைப் பார்த்து நின்றது. "அந்தப் பக்கம்தானே சொன்னே," என்றான் அத்தேயோ.

குவால்தியேரோ கயிற்றைப் பிடித்தபடி நின்றான். தெர்னா அவன் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல், "கயிறை உள்ள வை. உன் சோம்புத் தண்ணி நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றாள்.

"எந்தச் சோம்பு?"

"தோட்டத்துப் பின்பக்கமா வந்து நாலு சிலிண்டர்லயும் ஊத்தினியே, அது."

குவால்தியேரோவின் காது சிவந்துவிட்டது. "ஓடாத வண்டி ஒண்ணு பக்கத்து வீட்டுல நிக்கறது பாக்க நல்லாவா இருக்கு?" என்று முணுமுணுத்துவிட்டு, புது டிராக்டரில் ஏறிப் பழையதற்குப் பின்னால் மெதுவாக வந்தான்.

முற்றத்தில் அத்தேயோவுக்கு ஒதுக்கியிருந்த இடம் வரிசையின் வலப்பக்கக் கோடியில். எப்படியும் வரமாட்டான் என்று நினைத்து குவால்தியேரோ செய்த ஏற்பாடு அது. பள்ளத்தாக்கே பார்த்துக்கொண்டிருக்க வண்டி தேவாலய வாசலுக்கு நேராகச் சுற்ற ஆரம்பித்தது. எவாரிஸ்தோ சாமியார் தீர்த்தச் செம்போடு படியிறங்கி வந்தார்.

"அத்தேயோ, கொஞ்சம் நிறுத்து. தெளிக்கணும்."

"நிறுத்தினா மறுபடி கிளம்புமான்னு தெரியல சாமி. நீங்க பாட்டுக்குத் தெளிங்க, நான் எல்லாப் பக்கத்தையும் காட்டறேன்."

சாமியார் தெளித்தார். முன்பக்கம் விழுந்தது, பின்பக்கம் விழுந்தது, சாமான் பெட்டியில் விழுந்தது. பெட்டியின் மூடியை முட்டித் திறந்துகொண்டு சிவப்புப் பெட்டை வெளியே வந்து, தலைசுற்றி நாலடி கோணலாக நடந்து, சாமியாரின் செருப்புமேல் உட்கார்ந்தது. அந்த வருஷம் நாலா பக்கமும் நனைந்து ஆசீர்வாதம் வாங்கிய வண்டி அது ஒன்றுதான். அத்தேயோ வரிசைக்குள் கச்சிதமாகப் புகுந்து நின்றபோது லெயார்கோ பக்கத்திலிருந்தவனிடம் சாதாரணமாகத்தான் சொன்னான்: "பம்பரம் வந்து சேர்ந்துட்டான்."

சாயங்காலம் மதுக்கடைக்குள் அத்தேயோ நுழைந்ததும், "பம்பரம், உனக்கு வெள்ளையா சிவப்பா?" என்று கேட்டான் லெயார்கோ. சீட்டுக்கட்டிலிருந்து ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெயர் பிறந்ததிலிருந்தே அவனுக்கு இருந்ததுபோல எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அத்தேயோ இரண்டு புட்டியையும் காட்டினான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதைத் தெர்னாவிடமும் சொன்னான், தெர்னா இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வாரம் அவனுக்கு என்ன புகுந்தது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை விடியும்போதே இருக்கையைக் கழற்றிவிட்டான். தொட்டியை இறக்கினான். மூன்றாம் நாள் தெர்னா கோபத்தை மறந்து பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டுகளை வரிசையாக எடுத்துவைத்தாள். ஒட்டியிருந்த கிளட்சுத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தேய்த்து, துடைத்துப் பூட்டினான். சனிக்கிழமை முற்றத்தில் வண்டியைக் கிளப்பி வலது கைப்பிடியை இழுத்தான். வண்டி வலப்பக்கம் திரும்பியது. மறுபடி இழுத்தான், மறுபடி திரும்பியது. அவன் வாழ்க்கையில் ஒரு குறையும் மிச்சம் வைக்காமல், தன் கையால், முழுசாக முடித்த முதல் காரியம் அது. கையைக்கூடத் துடைக்காமல் மதுக்கடைப் பக்கம் ஓடினான். வேலியருகே தெர்னா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க?"

"சொல்ல வேண்டாமா?"

"என்னன்னு சொல்லுவே? வலப்பக்கம் திரும்பற வண்டியை ஓட்டறவனை எவன் பம்பரம்னு கூப்பிடுவான்?"

அத்தேயோ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிக்காததை எல்லாம் ஊருக்கே தெரியும். முடித்த ஒன்றை ஒருத்தருக்கும் சொல்ல முடியாது. அது அவனை ரொம்பநாள் வாட்டியது. பாரத்தை எங்காவது இறக்கவேண்டுமே என்று குளியலறைச் சுவருக்கு ஓடு பதித்தான், ஒரு விடியற்காலை ஏணியைக் கொண்டுபோய் குவால்தியேரோ வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து குவால்தியேரோ அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்க கொடி இது இல்லாம கூட நிக்கும், உங்க கொடி விழுந்துடும்," என்று சொல்லிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நவம்பரும் வந்தது. கல்லறை வளைவில் இந்த முறை முப்பது பேராவது இருந்தார்கள். வேறு ஊர்க்காரர்கள்கூட நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அத்தேயோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வலது கைப்பிடியைத் தொடாமல், இடதை இழுத்து முக்கால் சுற்றுச் சுற்றினான். கடை வளைவிலும் சுற்றினான். குவால்தியேரோ இந்தத் தடவை கயிறு கொண்டுவரவில்லை. கேட்டில் சாய்ந்தபடி கேட்டான்:

"ஏன்டா பம்பரம், அந்த வலப்பக்கத்தை எப்பத்தான் சரிபண்ணப் போறே?"

அத்தேயோ தெர்னாவைப் பார்த்தான். தெர்னா சாலையைப் பார்த்தாள்.

"நாளைக்கு," என்றான் அத்தேயோ, நெஞ்சை நிமிர்த்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தீர்த்தம் வாங்கி, மது குடித்து, சாப்பிட்டு, பொழுது சாய வீடு திரும்பினார்கள். அவர்கள் வீட்டு முற்றத்துக்குள் நுழைய வலப்பக்கம் திரும்ப வேண்டும். தெர்னா நின்று சாலையின் மேலேயும் கீழேயும் பார்த்தாள். யாரும் இல்லை. தலையை அசைத்தாள். அத்தேயோ வலது கைப்பிடியை இழுத்தான், வண்டி ஒரு தயக்கமும் இல்லாமல் வலப்பக்கம் திரும்பி அத்திமரத்தடியில் போய் நின்றது.